பாதி முடி இடைவெளி: பி.எம்.டபிள்யூ. எஸ்65 எஞ்சினில் ராடு பேரிங் தேய்மானம்

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் உடைந்த வளையல் துண்டு மாதிரிதான் இருக்கும். அரை வட்டமாக வளைத்த எஃகுத் தகடு. தடிமன் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. உள்பக்கம் மட்டும் மங்கலான சாம்பல் நிறப் பூச்சு. இதைத்தான் பேரிங் ஷெல் என்கிறோம். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஷெல் சேர்ந்தால், பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் ஒரு கனெக்டிங் ராடின் பேரிங். நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில் பிக் எண்ட் பேரிங். எட்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் பதினாறு ஷெல்.

2007 முதல் 2013 வரை தயாரான பி.எம்.டபிள்யூ. எம்3 காரில் எஸ்65 என்ற எஞ்சின் இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கார்களை லிஃப்ட்டில் ஏற்றி, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றி ஷெல்லை வெளியே எடுத்தவர்கள் பலர். எஞ்சினில் தட்டல் இல்லை, டாஷ்போர்டில் விளக்கு எரியவில்லை, ஆயில் அளவும் சரி. ஆனால் ஷெல்லின் நடுவில் சாம்பல் பூச்சு போய், அடியிலிருந்து செம்பு நிறம் எட்டிப் பார்க்கும். எல்லாக் காரிலும் அப்படியில்லை. ஆனால் எதிர்பாராத அளவுக்கு அடிக்கடி பார்த்தார்கள்.

அந்தச் செம்பு எதைச் சொல்கிறது? நல்லபடியாக ஓடும் எஞ்சினைப் பிரித்து பேரிங் மாற்றுவது முன்யோசனையா, பயத்துக்குக் கொடுக்கும் காசா?

எஞ்சினும் அதன் வேகமும்

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். 3,999 சி.சி., வி வடிவில் எட்டு சிலிண்டர், டர்போ கிடையாது. நிமிடத்துக்கு 8,300 சுற்றில் 420 குதிரைத்திறன், ரெட்லைன் (தாண்டக் கூடாத உச்ச வேகம்) 8,400. மொத்த எடை 202 கிலோ. முந்தைய எம்3-இல் இருந்த ஆறு சிலிண்டர் எஞ்சினைவிட இது 15 கிலோ குறைவு. பிளாக்கை லாண்ட்ஸ்ஹூட்டிலுள்ள சொந்த வார்ப்பாலையில் சிலிக்கான் கலந்த அலுமினியத்தில் வார்த்தார்கள். சிலிண்டருக்குள் இரும்பு உறை (லைனர்) கிடையாது. 2005-இல் எம்5 காரில் வந்த எஸ்85 என்ற பத்து சிலிண்டர் எஞ்சினுக்கு இது தம்பி. போர் (சிலிண்டரின் விட்டம்) 92 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) 75.2 மி.மீ., ராடு உட்காரும் கிராங்க் பின் 52 மி.மீ. என்பது இரண்டுக்கும் பொது. அதனால் இங்கே பேசுவதில் பெரும்பகுதி எஸ்85-க்கும் பொருந்தும்.

8,400 சுற்று என்றால் நொடிக்கு 140 சுற்று. 52 மி.மீ. பின்னின் மேற்பரப்பு அப்போது ஷெல்லின் மீது மணிக்கு 82 கிலோமீட்டர் வேகத்தில் வழுக்கிப் போகிறது. அதே நேரத்தில் பிஸ்டன் உச்சிக்குப் போய், நின்று, திரும்ப வேண்டும். ஸ்ட்ரோக்கையும் ராடு நீளத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், அந்தத் திருப்பத்தில் பிஸ்டன் மீது வரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 3,700 மடங்குக்கு மேல். பிஸ்டனும் அதோடு மேலும் கீழும் போய்வரும் சாமான்களும் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், ராடை இழுக்கும் விசை கிட்டத்தட்ட 1.9 டன். ஒவ்வொரு ராடுக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை. சின்னக் காரின் பேரிங்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வேகம் இரட்டிப்பானால் இந்த விசை நாலு மடங்காகும்.

இவ்வளவையும் தாங்குவது உலோகம் இல்லை, எண்ணெய்.

எண்ணெய் தாங்குவது எப்படி

1883-இல் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற எஞ்சினியர் ரயில் அச்சு பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே வந்து வழிந்தது. மரக்கட்டையைச் செதுக்கி அடைத்தார்கள். கட்டையையும் தள்ளி வெளியே போட்டது. பிறகு பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சுழலும் அச்சே எண்ணெயை இழுத்து ஆப்பு மாதிரி இடுக்கில் திணிக்கிறது, அந்த அழுத்தத்தின் மேல் முழுச் சுமையும் மிதக்கிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குச் சமன்பாடு எழுதினார். இன்றைக்கும் பேரிங் வடிவமைப்பு தொடங்குவது அந்தச் சமன்பாட்டில்தான்.

இதிலிருந்து நம் வழக்குக்கு வேண்டியது ஒன்று. ஆயில் பம்ப் எண்ணெயை பேரிங்கின் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடும், அவ்வளவுதான். சுமையைத் தாங்கும் அழுத்தம் உள்ளே, சுழற்சியால் உருவாகிறது. உள்ளே வந்த எண்ணெய் சூடாகும். சூடான எண்ணெய் ஓரமாக வெளியேறி, புது எண்ணெய் வர வேண்டும். அதற்கு இடம் வேண்டும். பின்னுக்கும் ஷெல்லுக்கும் நடுவே விடும் அந்த இடைவெளிதான் கிளியரன்ஸ். குறைத்தால் சத்தம் குறையும், எண்ணெய்க் கசிவு குறையும், ஆனால் ஓட்டமும் குறைந்து சூடு ஏறும். கூட்டினால் ஓட்டம் கூடும், பிரஷர் இறங்கும்.

ரேஸ் எஞ்சின் கட்டுபவர்களிடம் வழக்கமான ஒரு கணக்கு உண்டு: பின்னின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 52 மி.மீ. பின்னுக்கு 0.052 மி.மீ. பேரிங் கம்பெனிகள் சாதாரண எஞ்சினுக்கு இதில் முக்கால் பங்குவரை, அதாவது 0.039 வரை இறங்கலாம் என்கின்றன. எஸ்65 எஞ்சின்களைப் பிரித்த உரிமையாளர்களும் எஞ்சின் கட்டுநர்களும் அளந்தபோது கிடைத்தது பெரும்பாலும் 0.03-இலிருந்து 0.04 மி.மீ. வரை. தலைமுடியின் தடிமனில் பாதி. 8,400 சுற்று போகும் எஞ்சினுக்கு இது இறுக்கம்.

அந்த இறுக்கத்துக்குள் கம்பெனி ஊற்றச் சொன்ன ஆயில் 10டபிள்யூ-60. 100 டிகிரியில்கூட வழக்கமான 30 கிரேடைவிட இரண்டு மடங்கு கெட்டி. இந்த வகை ஆயிலின் பாகுத்தன்மை 40 டிகிரியில் சுமார் 160 சென்டிஸ்டோக், 100 டிகிரியில் 23-ஐ ஒட்டி. அதாவது குளிரில் கிளப்பிய எஞ்சினில் ஓடுவது, சூடான எஞ்சினில் ஓடுவதைவிட ஏழு மடங்குக்கும் மேல் கெட்டியான திரவம். சின்னச் சந்தில் பாயசத்தை ஊற்றுகிற மாதிரி. பிரஷர் கேஜ் நன்றாக ஏறிக் காட்டும். ஆனால் பிரஷர் என்பது எண்ணெய் போக முடியாமல் முட்டுவதன் அளவும்கூட. பிரஷர் நிறைய இருக்கிறது என்பதால் எண்ணெய் நிறையப் போகிறது என்று ஆகிவிடாது.

இந்தக் காரின் டாக்கோமீட்டரில், எஞ்சின் சூடாகும்வரை எச்சரிக்கைப் பட்டை கீழே நின்று, சூடேற ஏற மேலே நகரும். அழகுக்காக வைத்தது என்று நினைத்து மிதித்தவர்கள் உண்டு.

முந்தைய எம்3-இன் கதை

முந்தைய எம்3-இல் இருந்த எஸ்54, ஆறு சிலிண்டர், 3,246 சி.சி., ரெட்லைன் 8,000. ஸ்ட்ரோக் 91 மி.மீ. என்பதால் அதன் பிஸ்டன் சராசரி வேகம் எஸ்65-ஐவிடக் கூடுதல்: நொடிக்கு 24 மீட்டருக்கு மேல். அதில் ராடு பேரிங் போனபோது கம்பெனி ஒப்புக்கொண்டது. 2003 வாக்கில் அமெரிக்காவில் அழைப்பு விடுத்து, குறிப்பிட்ட தேதிக்கு முன் தயாரான கார்களில் பேரிங்கை இலவசமாக மாற்றி, வாரண்டியையும் நீட்டித்தார்கள். தொடக்கத்தில் 5டபிள்யூ-30 ஊற்றிய அந்த எஞ்சின் 10டபிள்யூ-60-க்கு மாறியதும் அந்தக் காலத்தில்தான்.

எஸ்65-க்கும் எஸ்85-க்கும் அப்படியொரு அழைப்பு வரவே இல்லை. உரிமையாளர்களின் கோபத்தில் பாதி இதற்குத்தான் என்று நினைக்கிறேன். தேய்மானத்தைவிட மௌனம் அதிகமாகச் சுட்டது.

ஆனால் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. ஆரம்பத்து ஷெல்கள் பழைய பாணி: எஃகு முதுகு, அதன் மேல் செம்பு-ஈயக் கலவை, அதற்கும் மேலே ஈயம் கலந்த மெல்லிய பூச்சு. ஈயம் மிருதுவானது. சின்னத் தூசி வந்தால் தனக்குள் புதைத்துக்கொண்டு பின்னைக் காப்பாற்றும். கார்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு விதி படிப்படியாக பேரிங்குக்கும் வந்து சேர்ந்தது. 2010-11 வாக்கில் எஸ்65-இல் ஈயமில்லாத, அலுமினியமும் வெள்ளீயமும் கலந்த ஷெல் வந்தது. இது கடினமானது. தேயாது என்று சிலர் கொண்டாடினார்கள். தூசியைப் புதைத்துக்கொள்ளாது என்று சிலர் முகம் சுளித்தார்கள். இரண்டும் உண்மைதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தப் பிந்தைய ஷெல்லில் செம்பு அடுக்கு இல்லை, அதனால் தேய்ந்தாலும் செம்பு தெரியாது. ஆயில் பரிசோதனையில் ஈயமும் ஏறாது. பழைய காரின் குறிகளை வைத்துக்கொண்டு புதிய காரைப் படித்து, ஒன்றுமில்லை என்று நிம்மதியாகப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வழக்கின் பலவீனம்

இனி எதிர்த்தரப்பு. எம்3-இல் இந்தத் தலைமுறையில் தயாரானவை சுமார் 66,000 கார்கள். பேரிங் போய் எஞ்சின் வெடித்தவை எத்தனை? கம்பெனி எண்ணிக்கையை வெளியிட்டதில்லை. நமக்குக் கிடைப்பது படங்களும் புலம்பல்களும். நல்லபடியாக 2 லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவன் சம்ப்பைக் கழற்றிப் படம் எடுத்துப் போடப் போவதில்லை. வகுத்தலில் கீழே உள்ள எண் இருக்கிறது, மேலே உள்ள எண் இல்லை. இதை வைத்துக்கொண்டு நூற்றுக்கு இத்தனை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, ஷெல்லின் பூச்சு லேசாகத் தேய்வது பேரிங்கின் இயல்பு. தேய்ந்து பொருந்திக்கொள்வதற்காகவே அந்த மிருதுவான அடுக்கு. செம்பு கொஞ்சம் தெரிந்த உடனே எஞ்சின் மரணப் படுக்கையில் என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, கிளியரன்ஸ் ஒன்றுதான் காரணம் என்றால் எல்லா எஞ்சினும் போயிருக்க வேண்டும். போகவில்லை. குளிரில் மிதித்தது, 24,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதும் என்ற கம்பெனிக் கணக்கை அப்படியே பின்பற்றியது, ஆயில் அளவு குறைந்தபோது ட்ராக்கில் ஓட்டியது எல்லாம் கூட்டாளிகள். என் கணிப்பில், இறுக்கமான கிளியரன்ஸ் தவறுக்கு இருந்திருக்க வேண்டிய மிச்ச இடத்தைத் தின்றுவிட்டது. தாராளமான எஞ்சின் மன்னிக்கும் பிழையை இது மன்னிப்பதில்லை.

போனால் எப்படிப் போகும் என்பதில் மட்டும் சர்ச்சை இல்லை. பூச்சு போகும், சூடு ஏறும், இடைவெளி பெருகும், எண்ணெய் அழுத்தம் நிற்காது. அப்போதுதான் தட்டல் கேட்கும். பேரிங் தட்டும் சத்தம் கேட்ட பிறகு இந்த எஞ்சினில் அவகாசம் அநேகமாக இல்லை. ஷெல் தன் இடத்திலேயே சுழன்று எண்ணெய்த் துளையை மூடிவிட்டால், அடுத்தது ராடு பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வருவதுதான். லைனர் இல்லாத அலுமினிய பிளாக். ஓட்டை விழுந்த பிறகு அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

முன்னறிவிப்பு கிடைக்குமா

ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புவது நல்ல பழக்கம். ஈயம், செம்பு, வெள்ளீயம் ஒவ்வொன்றும் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று வரும். ஒரே ஒரு அறிக்கையை வைத்துப் பதற வேண்டாம். மூன்று நாலு அறிக்கைகளை வரிசையாக வைத்து ஏறுமுகமா என்று பார்க்க வேண்டும். ஆனால் இதற்கும் கண்பார்வை குறைவு. லேபின் ஒளிக்கதிர்ச் சோதனை சில மைக்ரான் அளவுள்ள பொடித் துகளைத்தான் எண்ணும். ஷெல்லிலிருந்து செதிலாகப் பெயர்ந்தது அதில் பதிவாகாது. அதைப் பார்க்க ஆயில் ஃபில்டரின் மடிப்புகளை வெட்டி விரித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காந்தம் உதவாது, செம்பும் ஈயமும் அதில் ஒட்டாது.

அறிக்கை மோசம் என்றால் நம்பலாம். அறிக்கை நன்றாக இருக்கிறது என்றால் பாதி நம்பலாம்.

மாற்றும் வேலை

எஞ்சினை மேலிருந்து பட்டை போட்டுத் தொங்கவிட்டு, ஸ்டியரிங் ஷாஃப்ட்டைப் பிரித்து, முன் சப்ஃபிரேமை இறக்கி, 8.8 லிட்டர் ஆயிலை வடித்து, சம்ப்பைக் கழற்ற வேண்டும். தேர்ந்த கைக்கு ஒரு நாள், நிதானமாகச் செய்தால் இரண்டு நாள். எஞ்சின் மவுண்ட்டை எப்படியும் கழற்றுவதால் அதையும் அப்போதே மாற்றிவிடுவார்கள்.

முன்பக்க போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கிராங்க்கைச் சுற்றி ஒவ்வொரு பின்னாகக் கீழே கொண்டுவருவது, ராடின் பெரிய வளையத்தில் கீழ்ப் பாதியான கேப்பைக் கழற்றுவது, ராடைக் கொஞ்சம் மேலே தள்ளி மேல் ஷெல்லை விரலால் வழுக்கி எடுப்பது. ஒரு பின்னில் இரண்டு ராடு. இங்கேதான் கவனம் வேண்டும். இந்த ராடுகளை ஒரே துண்டாகச் செய்து, பெரிய வளையத்தை வேண்டுமென்றே உடைத்துப் பிரித்திருக்கிறார்கள். தேங்காயை உடைத்தால் ஒரு மூடி அதன் ஜோடியோடுதான் ஒட்டும் இல்லையா, அதுபோல ஒவ்வொரு கேப்பும் தன் ராடோடு மட்டும், ஒரே திசையில் மட்டும் உட்காரும். உடைந்த பரப்பில் ஒரு மணல் ஒட்டினாலும் வட்டம் கெட்டுப்போகும். கேப்பை மாற்றி மாட்டினால் ராடையே குப்பையில் போட வேண்டியதுதான்.

புது ஷெல்லை வைத்ததும் அளக்க வேண்டும். பிளாஸ்டிகேஜ் என்று மெழுகு நூல் மாதிரி ஒன்று வரும். எண்ணெய் துடைத்த பின்னின் மேல் அகலவாக்கில் ஒரு துண்டை வைத்து, பழைய போல்ட்டைப் போட்டு முழு இறுக்கம் கொடுத்து, கிராங்க்கை அசைக்காமல் மறுபடி கழற்றினால் நூல் நசுங்கி அகன்றிருக்கும். உறையில் அச்சிட்ட கோடுகளோடு அந்த அகலத்தை ஒப்பிட்டால் கிளியரன்ஸ் தெரியும். நூல் ஒரு ஓரத்தில் மட்டும் அதிகம் அகன்றிருந்தால் பின்னோ ஷெல்லோ சாய்வு. துல்லியத்தில் மைக்ரோமீட்டருக்கு ஈடாகாது, ஆனால் காரின் அடியில் படுத்துக்கொண்டு அளக்க இதுதான் கையில் இருக்கிறது. கடைசியாக மாட்டும்போது புது போல்ட். ஒரே ஒரு தடவை நீண்டு கொடுப்பதற்காகச் செய்த போல்ட் அது, கோணக் கணக்கில் இறுக்குவது. சிலர் இந்தச் சந்தர்ப்பத்தில் வேறு கம்பெனியின் அதிக வலுவுள்ள போல்ட்டைப் போட ஆசைப்படுவார்கள். பிடிப்பு விசை மாறினால் பெரிய வளையத்தின் வட்டமும் மாறக்கூடும். ராடைக் கழற்றி மறுபடி கடையாமல் அதைச் செய்வது தானாகப் போய்த் தலையில் ஏற்றிக்கொள்ளும் வம்பு.

எந்த ஷெல்லைப் போடுவது? அதே அளவில் கம்பெனி ஷெல்லைப் போட்டால் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பும், இறுக்கம் அப்படியே இருக்கும். வெளிச்சந்தையில் இந்த எஞ்சினுக்கென்றே, கிளியரன்ஸ் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை ஒட்டிக் கூடுதலாக வரும்படி செய்த ஷெல்கள் வந்தன. நான் அந்தப் பக்கம்தான். நோய் இடைவெளியில் என்று சந்தேகப்பட்டுப் பிரித்துவிட்டு, அதே இடைவெளியைத் திரும்பக் கட்டுவதில் எனக்குச் சமாதானம் இல்லை.

பின்னில் விரல் நகத்தை ஓட்டிப் பார்க்கும்போது கோடு தட்டினால் வேலை அங்கேயே நிற்க வேண்டும். கிராங்க் வெளியே வர வேண்டும், அதற்கு எஞ்சின் இறங்க வேண்டும். கோடு விழுந்த பின் மேல் புது ஷெல்லை வைத்து மூடுகிறவர்கள் செய்வது பழுதுபார்ப்பு இல்லை, ஒத்திவைப்பு.

கணக்கு

அமெரிக்காவில் தனியார் ஒர்க்ஷாப்பில் இந்த வேலை ஏறக்குறைய 2,000 முதல் 3,000 டாலர். நடுவில் 2,500 என்று வைப்போம். எஞ்சின் போய் வேறு எஞ்சின் போடுவதற்கு 20,000 என்று வைப்போம். செலவை மட்டும் பார்த்தால், காரை வைத்திருக்கும் காலத்துக்குள் எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தால்தான் முன்கூட்டியே மாற்றுவது கட்டும். 66,000 காரில் எட்டில் ஒன்று வெடித்திருந்தால் கம்பெனியால் மௌனமாக இருந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆக, வெறும் காசுக் கணக்கில் பயந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. ட்ராக்கில் ரெட்லைன் தொடுகிறவர், பழைய சரித்திரம் தெரியாமல் மூன்றாம் கையாக வாங்கியவர், இன்னும் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் எல்லோருக்கும் எட்டில் ஒன்று நம்பக்கூடிய எண்தான். இவர்கள் 1 லட்சம் கிலோமீட்டரை நெருங்கும்போது கிளட்ச் மாற்றுகிற மாதிரி இதையும் மாற்றிவிடலாம். 40,000 ஓடிய கார், ஒரே ஆள் கையில், ஆயில் அறிக்கைகள் சமதளமாகப் போகின்றன, இரண்டு வருடத்தில் விற்கப் போகிறார் என்றால் ஆயிலைப் பாதித் தூரத்திலேயே மாற்றிக்கொண்டு சும்மா இருக்கலாம். லாரி எஞ்சின்காரர்களுக்கு இந்தத் தவிப்பே கிடையாது. சம்ப்பை இறக்கி ஷெல்லை உருட்டி மாற்றுவது அவர்களுக்குப் பராமரிப்பில் ஒரு வரி, அவ்வளவுதான். ரேஸ் எஞ்சினை ரோட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அந்த வரியைப் புத்தகத்தில் சேர்க்க மறந்ததுதான் இத்தனை சச்சரவு.

மாற்றுவதென்று முடிவு செய்தால் இரண்டு விஷயம். முதல் ஸ்டார்ட்டில் தீப்பொறியை நிறுத்திவைத்து ஸ்டார்ட்டரை மட்டும் ஓட்டி, ஆயில் பிரஷர் வந்த பிறகு கிளப்பச் சொல்லுங்கள். அப்புறம், கழற்றிய பதினாறு ஷெல்லையும் எடைக்குப் போடாமல், எந்த சிலிண்டர், மேலா கீழா என்று எழுதி அட்டையில் வரிசையாக ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஜோடி மட்டும் மோசம் என்றால் அந்தப் பின்னுக்குப் போகும் எண்ணெய்த் துளையைப் பார்க்க வேண்டும். எல்லா மேல் ஷெல்லும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தால் கதை வேறு. காரை விற்கும் நாளில், வாங்க வருபவர் பில்லைப் புரட்டுவதற்கு முன் அந்த அட்டையைத்தான் கேட்பார்.